மச்சான் குழாய்

அந்தத் தக்காளிச் சாஸ் தொழிற்சாலைக்கு அறிவு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் நாளொன்றுக்கு இருபதாயிரம் பாட்டில் அடைத்துத் தள்ளியவர்கள் எதை வைத்து அடைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. மானேஜர் மூன்று நாள் குளிரூட்டிய அறையில் பயிற்சிக்குப் போய்விட்டு, கழுத்தில் ஓர் அட்டையும் கையில் ஒரு துணிப்பையுமாகத் திரும்பி வந்தார். பைக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு யோசனையும் இருந்தன. யோசனைக்கு 'அறிவுப் பெட்டகம்' என்று பெயர்.

"ஒருத்தர் தலைக்குள்ள இருக்கிறது நாளைக்கு அவரோடவே போயிடும். அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம்னா, ஆள் போனாலும் அறிவு போகாது" என்றார் கூட்டத்தில்.

"அப்ப ஆளைத்தான் முதல்ல அனுப்பப் போறாங்க" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மானேஜருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் வேண்டியது மட்டும்.

பெட்டகத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. ஆய்வகத்தில் எட்டு வருஷமாக ஒப்பந்தத்தில் இருந்தவள், 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்று வருஷா வருஷம் கேட்டே காது மரத்தவள், டைப்பும் தெரிந்தவள் ஒருத்தி அகப்பட்டாள். "இதை நல்லபடியா செஞ்சு காட்டுங்க, ஆர்டர் உங்க கையில" என்றார் மானேஜர். அன்று மாலைக்குள் அவளுடைய சொந்தப் பெயர் காணாமல் போயிற்று. "பெட்டகம் வருது, வாயை மூடு" என்பது தேநீர் வேளையின் புது வழக்கமாகிவிட்டது. வீட்டில் கணவன்கூட, சட்டைப் பித்தானைத் தேடும்போது, "ஏய் பெட்டகம், அதை எங்க ஏத்தி வெச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுத் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

மாதத்துக்கு ஆளுக்கு இரண்டு அறிவு ஏற்ற வேண்டும் என்பது சட்டம். ஏற்றினால் புள்ளி உண்டு. ஏற்றாவிட்டால் கேள்வி உண்டு. அந்தந்தப் பிரிவின் தலைவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது அறிவு. அதுவரை வெறும் பேச்சு. முதல் மாதமே நூற்றுக்கணக்கில் குவிந்தது. 'தரை ஈரமாக இருந்தால் வழுக்கும்' என்பதைப் பதினேழு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். 'கையைக் கழுவினால் கை சுத்தமாகும்' என்று பேக்கிங் பிரிவு ஒரே குரலில் சொன்னது. ஸ்டோர்கீப்பர் தன் மனைவியின் தலைவலி வைத்தியத்தை ஏற்றினார். அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. மாதத்தின் சிறந்த அறிவாகத் தேர்வானது 'சிரித்த முகத்துடன் வேலை செய்தால் களைப்புத் தெரியாது' என்பது. எழுதியவர் கணக்குப்பிள்ளை. அவருக்குப் பல் இருக்கிறதா இல்லையா என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

உருப்படியான ஒன்றை ஏன் ஒருவரும் ஏற்றவில்லை என்றால், அந்த இடத்தின் லட்சணம் அப்படி. அங்கே வாயைத் திறந்தவன் தலையில்தான் வேலை விழும். பின்கேட்டுக் குழாய் சொட்டுகிறது என்று ஒருநாள் காவலாளி சொன்னார். அன்றிலிருந்து அதன் அடியில் வாளி வைத்து, நிரம்பினால் கொட்டுவது அவர் பொறுப்பு. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இதாவது பரவாயில்லை. பாய்லர் ஆள் ஒருவர் வெள்ளந்தியாய், 'வால்வை நான் தப்பாக முறுக்கியதால் நீராவி வெடித்தது, இனிமேல் இப்படி முறுக்குங்கள்' என்று படம் போட்டு ஏற்றினார். மானேஜர் கூட்டத்தில் கைதட்டினார். அடுத்த வாரம் அந்த ஆளுக்கு ஒரு கடிதம் வந்தது: 'தாங்களே ஒப்புக்கொண்டபடி...' அத்தோடு சரி. பூனைக்கு மணி கட்டப் போன எலியின் கதியைப் பார்த்த பிறகு மற்ற எலிகளுக்கு என்ன பைத்தியமா? அந்தத் தொழிற்சாலையில் 'தெரியாது' என்பது பதில் இல்லை, குடை. மழை வருமோ என்று சந்தேகம் வந்தாலே விரித்துக்கொள்வார்கள்.

பெட்டகமும் அந்தக் குடைக்குக் கீழேதான் எட்டு வருஷம் நின்றாள். அவளுக்குத் தெரிந்து பெட்டகத்தில் இல்லாத விஷயங்களில் தலையாயது ஒரு குழாய்.

முதலாளியின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. முதலாளிக்கு மச்சான்; ஊழியர்களுக்கு முகத்துக்கு முன்னால் 'சார்', முதுகுக்குப் பின்னால் அவர்களுக்கும் மச்சான். மெஷின், குழாய், பாய்லர் எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைவர். ஐந்து வருஷத்துக்கு முன் இரண்டாவது நிரப்பும் மெஷின் வாங்கப் போவதாகச் சொல்லி, சாஸ் ஓடும் பெரிய குழாயிலிருந்து கை நீளத்துக்கு ஒரு கிளை இழுத்தார். மெஷின் வரவில்லை. கிளையின் வாயில் ஒரு மூடியைப் போட்டு, கிளாம்ப் மாட்டி இறுக்கிவிட்டார்கள். சாஸுக்கு அது தெரியுமா? வழியில் ஒரு சந்தைப் பார்த்தால் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி காஸ்டிக் சோடாவைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டிக் குழாய்களைக் கழுவும்போது, அந்தச் சோடா நேர்சாலையில் போய் நேர்சாலையில் திரும்பிவிடும். சந்துக்குள் எட்டிப் பார்க்காது. உள்ளே போனது உள்ளேயே நின்று, புளித்து, பூத்து, காலையில் மெஷின் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து முதல் பாட்டில்களில் வந்து விழும்.

இதை வெட்டி எடுக்க அரை நாள் வேலை. ஆனால் வெட்ட வேண்டுமென்றால் ஏன் வெட்டுகிறோம் என்று எழுத வேண்டும். எழுதினால் ஏன் வைத்தீர்கள் என்று முதலாளி கேட்பார். அதனால் வெட்டவில்லை. அதற்குப் பதிலாகக் குழாய் கழுவும் ஆள் ஒருவர், கையும் வாயும் ஒரே மாதிரி எரிக்கும் என்பதால் 'காஸ்டிக்' என்று பெயர் வாங்கியவர், சனிக்கிழமை தோறும் எல்லாரும் போன பிறகு கிளாம்பைக் கழற்றிக் கம்பியை விட்டுச் சுரண்டி எடுப்பார். இரண்டு மணி நேரம் ஓவர்டைம். ஓவர்டைம் சீட்டில் 'இதர' என்று எழுதுவார். மச்சான் கையெழுத்துப் போடுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. காஸ்டிக் எவருக்கும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. லீவு கேட்டால் மறுக்க முடியாத ஒரே ஆள் அவர்தான், அந்தச் சாவியை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?

ஆய்வகத்தில் இருந்தபோது காலை மாதிரிகளில் நுரைப்பதைப் பார்த்துவிட்டுப் பெட்டகம் தன் அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, "முதல் இருபது பாட்டில்லேர்ந்து மாதிரி எடுக்காதே. இருபத்தொண்ணுலேர்ந்து எடு" என்றார். அவளும் எடுத்தாள். மூன்று வருஷம் எடுத்தாள். முதல் இருபது கடைக்குப் போயிற்று.

இப்போது கம்ப்யூட்டரில் அறிவுப் பெட்டகம் வந்ததல்லவா? குழாய் கழுவும் முறையை மச்சான் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் செய்தாள். மொத்தம் நாற்பது நிமிஷம். "வேற ஏதாவது, சார்?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். "வேற என்ன இருக்கு?" என்றார்.

இரண்டே மாதத்தில் அந்த நாற்பது நிமிஷம் தன் வேலையைக் காட்டியது. மானேஜர் ஓவர்டைம் சீட்டையும் பெட்டகத்தில் ஏறிய முறையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கழுவுறதுக்கு நாற்பது நிமிஷம்னு தெளிவா இருக்கு. சனிக்கிழமை மட்டும் உங்களுக்கு எப்படிக் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகுது?"

காஸ்டிக் மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார். பெட்டகம் தன் விரல் நகத்தைப் பார்த்தாள்.

"புரியுது சார். எழுதியிருக்கிறதை மட்டும் செய்றேன்" என்றார் காஸ்டிக், பால் குடித்த பூனை மாதிரி.

அப்படியே செய்தார். நாலு சனிக்கிழமை, நாற்பது நிமிஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தாவது வாரம் பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. மூடிகள் தொப்பை போட்டிருந்தன. ஒரு கடையில் அடுக்கிலேயே வெடித்து, சுவரெல்லாம் சிவப்பாகி, கடைக்காரர் கொலை நடந்ததோ என்று ஓடி வந்தாராம். கிடங்கு வாசலில் ஸ்டோர்கீப்பர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். செத்த எலியை வினிகரில் ஊறவைத்து, அதன் மேல் சர்க்கரையைத் தூவினால் எப்படி நாறும்? அப்படி நாறியது. நாற்றத்தைவிட மோசம் அதில் இருந்த இனிப்பு வாடை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ஆலோசனைக் கூட்டத்தில் எடுத்த முதல் முடிவு என்ன தெரியுமா? "வினிகரைக் கொஞ்சம் கூட்டுங்க." இரண்டாவது முடிவு, யார் தலையை உருட்டுவது என்பது.

உருட்டத் தோதான தலை ஒன்று இருந்தது. நிரப்பும் மெஷினை ஓட்டுகிற பெண், தினமும் காலையில் 'குழாய் கழுவப்பட்டது: ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திடுகிறவள். அவள் பெட்டகத்தின் நாத்தனார். கணவனின் கூடப்பிறந்த தங்கை. அவள் புருஷன் ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்த படுக்கையாய் இருக்க, அவள் கொண்டு வரும் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். வெள்ளிக்கிழமை விசாரணை, ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு செவ்வாய் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, நான் என்ன தப்பு செஞ்சேன்? பச்சை விளக்கு எரிஞ்சுது. தண்ணி தெளிவா வந்துது. டிக் போட்டேன். நான் குழாய்க்குள்ள பூந்தா பார்க்க முடியும்?"

"நீ பெட்டகம்தானே, ஏதாவது பண்ணேன்" என்றான் கணவன், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து. அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய தலையீடு.

பெட்டகம் மறுநாளே காஸ்டிக்கிடம் போனாள். அவர் சோடா பீப்பாய் மேல் உட்கார்ந்து காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, விசாரணையில அந்தக் குழாயைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"எந்தக் குழாய்?"

"விளையாடாதீங்க."

"ஏம்மா, நானா விளையாடறேன்? நாற்பது நிமிஷம்னு டைப் அடிச்சது யாரு? உன் கம்ப்யூட்டரைக் கேளு, அதுக்கு எல்லாம் தெரியுமே. எனக்கு அறிவு கெடையாதும்மா. நான் வெறும் கழுவுற ஆளு."

"ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துடும், அண்ணே."

"சொன்னா நான் தெருவுக்கு வந்துடுவேன். 'இத்தனை வருஷம் ஏன்டா சொல்லல'ன்னு என்னையத்தான் கேப்பாங்க. உன் நாத்தனாருக்கு வலிச்சா நீ கத்து. எனக்கு வலிச்சப்ப நீ நகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்த." காதிலிருந்து எடுத்ததைப் பீப்பாயில் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

சரி, எழுத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஐந்து வரி. கிளைக் குழாய் எங்கே இருக்கிறது, சோடா ஏன் உள்ளே போவதில்லை, வாரம் ஒருமுறை திறந்து சுரண்ட வேண்டும், வெட்டி எடுப்பதே நல்லது. ஒப்புதலுக்கு அனுப்பினாள். குழாய்ப் பிரிவின் தலைவர் யார்? மச்சான்தான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தது: 'படம் இணைக்கவும்.' போய்ப் படமெடுத்தாள். மூடியைச் சுற்றிக் கசிந்து காய்ந்த கறுப்பும், அதில் கால் ஒட்டிச் செத்த ஈக்களும் தெளிவாக விழுந்தன. அதுவும் திரும்பி வந்தது: 'படம் அருவருப்பாக உள்ளது. நிறுவனத்தின் மதிப்புக்கு ஏற்ற படத்தை இணைக்கவும்.' ஈயில்லாத பக்கமாகப் பார்த்து இன்னொன்று எடுத்து அனுப்பினாள். மறுநாள் காலையில் அந்த வரிகளே இல்லை. திரும்பியும் வரவில்லை, நிராகரிக்கவும் இல்லை. எழுதவே இல்லை என்பது போலத் திரை துடைத்து வைத்த தட்டாய்ப் பளபளத்தது.

வியாழன் மத்தியானம் மானேஜர் கூப்பிட்டு விட்டார். மேஜை மேல் இரண்டு தாள்கள். ஒன்று அவளுடைய நிரந்தர ஆர்டர், கையெழுத்து மட்டும் பாக்கி. மற்றொன்று நாத்தனார் எழுதிக் கொடுக்க வேண்டிய வாக்குமூலம்: 'கவனக்குறைவால் சரிபார்க்காமல் டிக் போட்டேன், மன்னிக்கவும்.'

"எழுதிக் கொடுத்துட்டா வெறும் எச்சரிக்கையோட விட்டுடலாம். வேலை போகாது. உங்க சொந்தம்னு தெரியும், அதான் இவ்வளவு தூரம் இறங்கி வர்றேன். நீங்களே எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நாளைக்கு ரெண்டையும் சேர்த்தே முடிச்சுடலாம்."

இறங்கி வருகிறாராம். சாக்கடைக்குள் நின்றுகொண்டு இன்னும் எங்கே இறங்குவது?  ஆனாலும் பெட்டகம் இரண்டு தாள்களையும் மடித்துப் பையில் வைத்தாள்.

சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். உள்ளறையில் புருஷன் படுத்திருந்தான். பிள்ளை தரையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. நாத்தனார் வாக்குமூலத்தை இரண்டு தரம் படித்தாள்.

"நான் சரியாத்தான் பார்த்தேன் அண்ணி. பொய்யா எழுதச் சொல்றீங்க."

"ஒரு வரிடி. வேலை தங்கிடும்."

"அப்ப நிஜத்துல எங்கேர்ந்து கெட்டுப்போச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

குடையை விரித்திருக்கலாம். கை பழக்கத்தில் அதைத் தேடவும் தேடியது. ஆனால் உள்ளறையிலிருந்து முனகல் கேட்டது. பெட்டகம் குரலைத் தாழ்த்திக் குழாயைப் பற்றிச் சொன்னாள், காஸ்டிக்கைச் சொன்னாள், இருபத்தொன்றாவது பாட்டிலையும் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்தாள்.

நாத்தனார் வாக்குமூலத்தைத் தரையில் வைத்தாள். பிறகு, "எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள்.

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா." அவள் எழுந்து போய் அடுப்படி அலமாரியைத் திறந்தாள். உள்ளே நாலு பாட்டில் சாஸ். ஊழியர்களுக்கு மாதம் இரண்டு இலவசம். "இதுல என்னோடது ரெண்டு. மிச்சம் ரெண்டும் நீங்க குடுத்தது. 'எங்க வீட்டுல யாருக்கும் புளிப்பு ஒத்துக்காதுடி, பிள்ளைக்கு வெச்சுக்கோ'ன்னு மாசா மாசம் கொண்டாந்து குடுப்பீங்களே. அண்ணிக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நான் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அந்த பாட்டில்லாம் அப்படியில்ல..."

"இருபத்தொண்ணாவதா?"

இலவசப் பாட்டிலுக்கு ஏது கணக்கு? அடுக்கிலிருந்து கை போன போக்கில் எடுத்துக் கொடுப்பார்கள். முதலாவதா, ஐநூறாவதா, யார் கண்டது? வீட்டுக்குக் கொண்டு போனால் தன் கணவன் தட்டில் விழும், தூக்கிப் போட்டால் ஏன் என்று கேட்பான் என்பதால்தான் அவற்றை இங்கே கொடுத்தாள். அதை இவ்வளவு நேராக அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தது. நாத்தனார் நாலு பாட்டிலையும் தொட்டியில் கவிழ்த்தாள். கெட்டியாய், அவசரமே இல்லாமல், கிளக் கிளக்கென்று இறங்கியது. பெட்டகம் அதைப் பார்க்க முடியாமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாக்குமூலம் அங்கேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை. மானேஜர், மச்சான், சாட்சியாகக் காஸ்டிக், குற்றவாளியாக நாத்தனார். நடப்பதை எழுதிக்கொள்ளப் பெட்டகம். மேஜை மேல் ஆளுக்கொரு பிஸ்கட் தட்டு. குற்றவாளிக்கு மட்டும் இல்லை.

"எழுதிக் கொண்டாந்தீங்களா?" என்றார் மானேஜர்.

"இல்ல சார். அந்தக் கிளைக் குழாயைத் திறந்து காட்டுங்க. அதுக்கப்புறம் எழுதித் தர்றேன்."

"எந்தக் குழாய்?" மானேஜர் சுற்றிப் பார்த்தார். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவர் எடுத்த பிரயாசை அப்படி. "அப்படி ஒண்ணு இருக்கா சார்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றார் மச்சான்.

"உங்களுக்கு?"

"எனக்கென்ன தெரியும் சார், நாற்பது நிமிஷம் கழுவுவேன்" என்றார் காஸ்டிக், பிஸ்கட்டை நனைத்தபடி.

பெட்டகம் எழுதிக்கொண்டாள். தெரியாது. தெரியாது. தன் கையெழுத்து எவ்வளவு அழகாய் விழுகிறது என்று பார்த்தாள். தலையைத் தூக்கினால் நாத்தனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சல் இல்லை. ஒரு பொருள் கெட்டிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பவர்களின் முகம் இருக்குமே, அந்த முகம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பெட்டகம்.

மச்சான் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அதெல்லாம் போய்ப் பார்க்கணும்னா லைனை நிறுத்தணும், நஷ்டம்..." என்று அவர் இழுப்பதற்குள் நாத்தனார் கதவைத் தாண்டியிருந்தாள். மெஷினை நிறுத்தத் தெரிந்தவளுக்கு யார் உத்தரவு வேண்டும்? மற்றவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் கிளாம்பில் கை வைத்திருந்தாள். இறுகிப் போயிருந்தது. இரும்புக் கம்பியால் இரண்டு தட்டு தட்டினாள். மூடி, உள்ளிருந்து யாரோ எட்டி உதைத்தது போலத் தெறித்தது.

முதலில் காற்று வந்தது. பிறகுதான் அது வந்தது. கறுஞ்சிவப்பாய், மேலே சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தி, நூல் நூலாய்த் தொங்கிக்கொண்டு, உயிருள்ள ஏதோ சோம்பல் முறிப்பதைப் போல நெளிந்து, குழாய் வாயில் ஒரு கணம் நின்று யோசித்து, மொத்தமாய் மச்சானின் பளபளப்பான காலணி மேல் விழுந்தது. விழுந்த இடத்தில் குமிழ் விட்டது. பேக்கிங் பெண்கள் ஓடினார்கள். மானேஜர் அருகிலிருந்த புது அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து, அதற்குள் தலையை விட்டு, பிஸ்கட்டையும் காலைச் சாப்பாட்டையும் சேர்த்துக் கக்கினார்.

"அடக் கடவுளே! இப்படி ஒரு குழாயா?" என்றார் காஸ்டிக், கன்னத்தில் கை வைத்து. அந்த முகத்தைப் பார்த்தால் சத்தியம் செய்வீர்கள், பாவம் அந்த ஆள் இன்றுதான் அதைப் பார்க்கிறார் என்று.

மானேஜர் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் மூளை அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

"உங்களுக்கு இது எத்தனை நாளா தெரியும்?" என்று பெட்டகத்தைக் கேட்டார்.

"மூணு வருஷமா சார். புதன்கிழமை ஏத்தினேன். மூணு தடவை அனுப்பினேன்."

"சார்?" என்று மச்சான் பக்கம் திரும்பினார் மானேஜர்.

"எனக்கு ஒண்ணும் வரலையே. சிஸ்டத்துல பாருங்க, இருக்கான்னு" என்றார் மச்சான், காலை உதறிக்கொண்டே.

சிஸ்டத்தில் ஒன்றும் இல்லை.

"பெட்டகத்துக்கு யார் பொறுப்பு?" மானேஜரின் குரல் மெல்ல மெல்லத் தன் பழைய மிடுக்கைக் கண்டுபிடித்தது. "நீங்கதானே? எல்லாரோட அறிவையும் வாங்கி ஏத்தறதுக்குன்னு உட்கார்த்தி வெச்ச ஆள், மூணு வருஷம் தெரிஞ்சே மறைச்சிருக்கீங்க. தெரியாதவங்களை நான் என்ன சொல்ல முடியும்? தெரிஞ்சவங்களைத்தானே கேட்கணும்."

பெட்டகம் சுற்றிலும் பார்த்தாள். காஸ்டிக் தரையைப் பார்த்தார். மச்சான் காலணியைப் பார்த்தார். ஆய்வகத்துப் பழைய அதிகாரி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். இவள் பார்க்கிறாள் என்றதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் எல்லாம் ஒழுங்காயிற்று. நாத்தனார் மேல் இருந்த வழக்கு ரத்து, எச்சரிக்கைகூட இல்லை. காஸ்டிக்குக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் திரும்பக் கிடைத்தது, முன்னைவிட அரை மணி கூடுதலாய். குழாயை வெட்டவில்லை, அதற்குப் புது மூடி வாங்கினார்கள். 'மறைவான குழாய்ப் பகுதிகளைக் கண்டறிதல்: ஒரு வெற்றிக் கதை' என்று பெட்டகத்தில் ஒரு பக்கம் ஏறியது. எழுதியவர் மச்சான். படமும் இருந்தது, ஈயில்லாத பக்கமாக எடுத்தது. பெட்டகத்தின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது என்று அவளுக்குக் கடிதம் வந்தது. நிரந்தர ஆர்டர் அவள் பையில் கையெழுத்தில்லாமல் கிடந்து மடிப்பில் கிழிந்தது.

கடைசி நாள் சாப்பாட்டு வேளையில் நாத்தனார் வந்து எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு அவள் வரவில்லை. முன்பு இரவல் வாங்கிய சாப்பாட்டு டப்பாவைக்கூடப் பிள்ளை கையில்தான் கொடுத்தனுப்பினாள்.

"வேலை தங்கிடுச்சு. உங்களாலதான்" என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நன்றி சொல்லணும்னுதான் வந்தேன் அண்ணி. வாய் வரல. பிள்ளைக்கு வயித்துவலி வந்து மூணு தடவை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன், ஞாபகம் இருக்கா? நீங்களும் கூட வந்தீங்க. அது இதனாலதானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனா ராத்திரி படுத்தா அதான் ஓடுது. கொஞ்ச நாள் ஆகட்டும்."

"ஆகட்டும்" என்றாள் பெட்டகம்.

போவதற்கு முன் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்கு ஒப்புதல் வந்தால்தான் கடைசிச் சம்பளம். 'தங்களுக்குத் தெரிந்த அனைத்தையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கவும்' என்று தலைப்பு. கீழே ஒரு பெரிய வெள்ளைக் கட்டம். ஒப்புதல் அளிப்பவர்: மச்சான்.

அவள் டைப் செய்யத் தொடங்கினாள். இருபத்தொன்றாவது பாட்டில். வெடித்துத் திரும்பி வந்த பெட்டிகளில் வெடிக்காதவற்றைப் பிரித்து ஊற்றி, மறுபடி கொதிக்க வைத்துப் புதுத் தேதி ஒட்டுவது. எடை மெஷின் ஒன்று எப்போதும் கூடுதலாய்க் காட்டுவது. ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. விரல்கள் ஓட ஓட, இவ்வளவும் தன் வயிற்றுக்குள் எட்டு வருஷமாய்க் கிடந்ததா என்று அவளுக்கே தோன்றியது. நிறுத்தினாள். யார் படிக்கப் போகிறார் என்று அந்தப் பெயரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முழுவதையும் அழித்தாள்.

'எனக்கு எதுவும் தெரியாது' என்று எழுதி அனுப்பினாள்.

பையைத் தோளில் மாட்ட எழுந்தவள், திரை பச்சையாக மாறுவதைப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே ஒப்புதல் குறிப்பு: 'தெளிவாக உள்ளது. ஏற்கப்பட்டது.'